புரோக்கன் ஒரேஞ் பீக்கோவும் இறந்தகால வினைகளும்

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

‘இங்கிலீஷில் உங்களுக்கு எது கஷ்டம் என்று எழுதுங்கள்’ என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் அடுக்கினால் ஒரு அடுக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. எல்லாம் இறந்தகாலம். அதிலும் கடைசியில் ஈ.டி. என்ற இரண்டு எழுத்தைப் போட்டால் சரிவராத அந்த வினைகள். ஆகவே இந்த மாதம் முழுவதும் அதையே எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் சொற்களையும் நம் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த வினைகள் காது வழியாகத்தான் மனதில் தங்கும்.

பொகவந்தலாவையிலிருந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் ஒரு மாணவி: டீச்சர், எங்கள் கிளாஸில் 150 வினைச்சொற்கள், முதல் வடிவம், இறந்தகாலம், பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்று மூன்று வரிசையாக உள்ள ஒரு தாள் தந்தார்கள். ‘ஏ’யில் தொடங்கி மனப்பாடம் செய்கிறேன். ‘பி’ முடிவதற்குள் ‘ஏ’ மறந்துவிடுகிறது. இதற்கெல்லாம் ஒரு விதியே கிடையாதா?

மகள், அந்தத் தாளை மடித்துக் கொப்பிக்குள் வையுங்கள். கடைசியில் சரிபார்க்க உதவும். மனப்பாடத்துக்கு அது உதவாது. அரைஸ், அவேக், பீ, பேர், பீட் என்று அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களுக்குள் எந்தச் சொந்தமும் இல்லை. கலியாண வீட்டில் முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்தால் பேச்சு எப்படி வரும்? சொந்தக்காரர்களைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

விதி உண்டு. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி இல்லை. ஏழெட்டுக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு வழக்கம்.

தேயிலை ஃபெக்டரியிலிருந்தே தொடங்கலாம். பையில் பி.ஓ.பி. என்று அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரோக்கன் ஒரேஞ் பீக்கோ. ரோலரில் உடைந்து, சலித்துப் பிரித்த தேயிலை, அதனால் புரோக்கன். உங்கள் தாளின் மூன்றாவது வரிசையில் இருப்பது இதே சொல்தான். பிரேக், புரோக், புரோக்கன். ‘ஹை குரோன்’ என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 4,000 அடிக்கு மேல் விளைந்த தேயிலை. அந்தக் ‘குரோன்’, குரோ, குரூ, குரோன் என்பதில் மூன்றாவது. ஹட்டன் டவுனில் கம்பத்துக்குக் கம்பம் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன். கடையில் ‘ஃபுரோசன் சிக்கன்’ கேட்கிறோம். ஃபிரீஸ், ஃபுரோஸ், ஃபுரோசன். மண் சரிந்த இடத்தில் பஸ் ‘ஸ்டக்’ ஆகிவிட்டது என்கிறோம். ஸ்டிக், ஸ்டக், ஸ்டக். லீவு நாளில் ரயிலுக்கு சீட் புக் பண்ணப் போனால் ‘சோல்ட் அவுட்’. செல், சோல்ட், சோல்ட். குடைப்பிடியைத் திருப்பினால் ‘மேட் இன் சைனா’. மேக், மேட், மேட்.

பாருங்கள், படிக்க உட்காரும் முன்பே உங்களிடம் ஏழு வினைகள் இருக்கின்றன.

அப்படியானால் நமக்கு இரண்டாவது வரிசை மட்டும் ஏன் வாயில் வருவதில்லை? நான் பல வருஷம் யோசித்துக் கண்ட காரணம் இது. நாம் இங்கிலீஷ் வினைகளை நாள் முழுக்கப் பாவிக்கிறோம். ஆனால் ‘கோல் பண்ணினேன்’, ‘கட் பண்ணினேன்’, ‘செலக்ட் பண்ணினேன்’ என்றுதான் பாவிக்கிறோம். காலத்தைக் காட்டும் வேலை முழுவதையும் நம்முடைய ‘பண்ணினேன்’ செய்துவிடுகிறது. இங்கிலீஷ் வினை முதல் வடிவத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கான வினைகள் தெரிந்திருந்தும் அவற்றின் இறந்தகாலம் நம் காதுக்குப் புதிதாக இருக்கிறது. இதில் உங்கள் மூளையின் குறை ஒன்றும் இல்லை, மகள்.

சரி, குடும்பங்களுக்கு வருவோம்.

புரோக்கன் குடும்பம் பெரியது. பிரேக், ஸ்பீக், ஸ்டீல், ஃபிரீஸ், சூஸ், வேக். இரண்டாவது வடிவத்தில் எல்லாருக்கும் ‘ஓ’ ஓசை வரும்: புரோக், ஸ்போக், ஸ்டோல், ஃபுரோஸ், சோஸ், வோக். மூன்றாவதுக்கு அதன் பின்னால் ஒரு ‘ன்’ சேரும், அவ்வளவுதான். ஒன்றைத் தெரிந்தால் ஆறும் தெரியும்.

குரோன் குடும்பத்தில் குரோ, நோ, த்ரோ, ப்ளோ. குரூ, நியூ, த்ரூ, ப்ளூ. குரோன், நோன், த்ரோன், ப்ளோன். ‘ஃப்ளை’ தொடக்கத்தில் வேறு மாதிரி இருந்தாலும் நடத்தையில் இந்த வீட்டுப் பிள்ளைதான்: ஃப்ளை, ஃப்ளூ, ஃப்ளோன்.

அடுத்தது பாட்டுக் குடும்பம். சிங், சேங், சங். ரிங், ரேங், ரங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். ஸ்விம், ஸ்வேம், ஸ்வம். பிகின், பிகேன், பிகன். இ, ஏ, அ என்று உயிரெழுத்து மட்டும் மாறும். கை தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள், கும்மிக்குத் தாளம் போட்ட மாதிரி இருக்கும்.

‘ஓட்’ குடும்பத்தில் பிழை அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பிரிங், புரோட். திங்க், தோட். பை, போட். டீச், டோட். கேட்ச், கோட். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றேதான். எழுத்தில்தான் தொல்லை. நடுவில் ஜி.எச். என்று இரண்டு எழுத்து ஓசையில்லாமல் நிற்கிறது. அதை ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உச்சரித்தார்கள். ஓசை போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. அப்புறம், சிலவற்றில் ‘ஓ.யு.’ வரும், சிலவற்றில் ‘ஏ.யு.’ வரும். எது எங்கே என்று பிள்ளைகள் திணறுவார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் வடிவத்தில் ‘ஏ’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டீச், கேட்ச் இரண்டிலும் இருக்கிறது, அதனால் அவற்றின் இறந்தகாலத்தில் ‘ஏ.யு.’ வரும். பிரிங், திங்க், பை மூன்றிலும் ‘ஏ’ இல்லை, அதனால் ‘ஓ.யு.’. ஃபைட், சீக் இரண்டுக்கும் இதே கணக்குத்தான்.

கட், புட், ஹிட், ஷட், லெட், ஹர்ட். இவை மாறுவதே இல்லை. ஏற்கெனவே ‘ட்’ ஓசையில்தான் முடிகின்றன. அதன் மேல் இன்னொன்று ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் கீப் குடும்பம். கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். ஃபீல், ஃபெல்ட். மீட், மெட். லீவ், லெஃப்ட். நெடில் குறிலாகிறது. இதை எங்கோ பார்த்த மாதிரி இல்லையா? வா, வந்தான். தா, தந்தான். காண், கண்டான். வே, வெந்தது. நோ, நொந்தான். நம் தமிழிலும் அதே நெடில் இறந்தகாலத்தில் அப்படியே குறுகுகிறது! இரண்டும் வேறு வேறு மொழிக்குடும்பங்கள், ஒன்றிலிருந்து ஒன்று வந்ததில்லை. ஆனாலும் ‘சோறு வேகிறது’, ‘சோறு வெந்தது’ என்று பிழையில்லாமல் சொல்கிற வாய்க்கு ‘ஸ்லீப்’, ‘ஸ்லெப்ட்’ அந்நியம் இல்லை. தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நில், நின்றான். சொல், சொன்னான். வில், விற்றான். கேள், கேட்டான். சா, செத்தான். இவ்வளவையும் நீங்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே எந்தத் தாளும் இல்லாமல் படித்து முடித்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தரம் எட்டுப் பையன் ஒருவனிடம், நேற்று உன் அம்மா செய்ததையெல்லாம் இங்கிலீஷில் எழுது என்றேன். பதின்மூன்று வரி எழுதினான். அம்மா எழும்பினார், ரொட்டி சுட்டார், தேயிலைச் சாயம் குடித்தார், இடுப்பில் படங்கைக் கட்டினார், கூடையை எடுத்தார், மலைக்குப் போனார், நிரையில் நின்றார், கொழுந்து பறித்தார், தராசுக்குக் கொண்டுவந்தார், நிறுத்தார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். இந்தப் பதின்மூன்றில் ஈ.டி. போட்டு முடிகிறவை மூன்றே மூன்று: டைட், ப்ளக்ட், வெயிட். மற்றப் பத்தும் ஒழுங்கற்றவை. வோக், மேட், ட்ரேங்க், டுக், வென்ட், ஸ்டுட், புரோட், கேம், ஏட், ஸ்லெப்ட்.

இது தற்செயல் இல்லை. அன்றாடம் வாயில் புழங்கும் வினைகள்தான் பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். புழக்கம் குறைந்த வினை மெல்ல மெல்ல ஈ.டி. பக்கம் போய்விடும். 2007ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சில ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்தார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்தார்கள். இடைக்கால ஆங்கிலத்துக்கு வரும்போது அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்றைக்கு 98. ‘ஹெல்ப்’ கூட முன்பு ‘ஹோல்ப்’ என்று மாறிய வினைதான், இன்றைக்கு ‘ஹெல்ப்ட்’. புதிதாகப் பிறக்கும் வினையோ நேராக ஈ.டி.யில்தான் சேரும். ‘டெக்ஸ்ட்’ பண்ணினால் ‘டெக்ஸ்டட்’, ‘கூகுள்’ பண்ணினால் ‘கூகுள்ட்’.

ஆக, உங்கள் தாளில் உள்ள 150ம் ஒரே அவசரம் இல்லை. உங்கள் அம்மாவின் ஒரு நாளை எழுதப் போதுமான சொற்களை முதலில் படியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் உண்மையாக நடந்த ஒரு வாக்கியம். பரீட்சைக் கட்டுரையில் வரப்போவதும் அந்தச் சொற்கள்தான்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் ‘ஐ வென்ட்’ என்று சரியாகச் சொல்வாள். இப்போது ‘ஐ கோஎட்’, ‘ஹீ கம்ட்’ என்கிறாள். பிள்ளை பின்னுக்குப் போகிறாளோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தங்கச்சி. உங்கள் மகள் முன்னுக்குப் போயிருக்கிறாள்.

போன வருஷம் அவள் ‘வென்ட்’ என்பதைக் கிளி மாதிரிக் கேட்டுச் சொன்னாள். அதற்கும் ‘கோ’வுக்கும் உள்ள தொடர்பு அவளுக்குத் தெரியாது. இந்த வருஷம் அவளாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள், முடிந்துபோன காரியத்துக்கு ஈ.டி. சேர்க்க வேண்டும் என்று. கண்டுபிடித்ததை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறாள். இங்கிலீஷ்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் படியைத் தாண்டித்தான் வருகிறார்கள். முதலில் ‘வென்ட்’, பிறகு கொஞ்ச காலம் ‘கோஎட்’, பிறகு திரும்பவும் ‘வென்ட்’. குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து எழுதிவரும் விஷயம் இது.

மேலே சொன்னேனே, தரம் எட்டுப் பையனின் கொப்பி, அதை இன்னும் மறக்க முடியவில்லை. மூடுபனி ஈரத்தில் ஓரம் ஊதிப்போன கொப்பி. ‘கொண்டுவந்தார்’ என்ற இடத்தில் ‘பிரிங்ட்’ என்று எழுதியிருந்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. பல தடவை அழித்திருக்கிறான். லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பென்சில் அழுத்திய தடம் இருந்தது. அவன் முதலில் எழுதியது ‘புரோட்’. சரியானதைத்தான் எழுதியிருக்கிறான். பின்னால் ஈ.டி. இல்லையே, இது எப்படி இறந்தகாலமாகும் என்று நினைத்து அவனே அழித்துவிட்டான்.

அதற்கு எப்படிச் சிவப்பு மையால் பிழை போடுவேன்? பக்கத்தில் ‘உன் காது சொன்னது சரி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு இது வெறும் பாடம் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். தோட்டத்தில் என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். ‘ஐ டீச்ட் ஸ்மோல் சில்ரன்’ என்றேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதுவும் என் காதில் ஏறவில்லை. வேலை கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது கொட்டகலை வரைக்கும் ‘டோட், டோட், டோட்’ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அன்று அந்த அறையில் ஒருவராவது, ‘விதியைத் தெரிந்துதான் சொல்கிறாய், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேறு வடிவம்’ என்று சொல்லியிருந்தால் போதும்.

மகள் ‘கோஎட்’ என்றால் ‘பிழை’ என்று சொல்லாதீர்கள். ‘ஓ, யூ வென்ட்? வேர்?’ என்று சரியான சொல்லைப் போட்டுத் திருப்பிக் கேளுங்கள். பேச்சு அறுபடாது, காதிலும் விழும். ‘கம்ட்’ என்றால் ‘ஹீ கேம்? வென்?’ சில மாதத்தில் அவளே மாற்றிக்கொள்வாள்.

பதுளையிலிருந்து ஒரு இளைஞர்: நடப்பதைச் சொல்லும் ‘வோக்’ என்பது ‘வோக்ட்’ ஆகிறது, புரிகிறது. ‘கோ’ எப்படி ‘வென்ட்’ ஆனது? ஒரு எழுத்துக்கூட ஒத்துப்போகவில்லையே.

ஒத்துப்போகாததற்குக் காரணம், அது ‘கோ’வின் இறந்தகாலமே இல்லை. ‘வென்ட்’ வேறொரு வினையின் பிள்ளை. ‘வெண்ட்’ என்று, கடைசியில் ‘டோக்’கில் வரும் டி எழுத்தோடு, ஒரு பழைய வினை இருந்தது. திரும்பிச் செல்வது, வழி பிடித்துச் செல்வது என்று பொருள். செண்ட் என்பது சென்ட் ஆகிறது, பெண்ட் என்பது பென்ட், லெண்ட் என்பது லென்ட், ஸ்பெண்ட் என்பது ஸ்பென்ட். அந்த வரிசையில் வெண்ட் என்பது வென்ட். அந்தக் குடும்பத்தில் அது ஒழுங்கான பிள்ளைதான். ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறு ஒரு இறந்தகால வடிவம் இருந்தது. அது வழக்கொழிந்து போன இடத்தில் ‘வென்ட்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழில் நினைத்துப் பாருங்கள். நமக்குப் ‘போ’வும் உண்டு, ‘செல்’லும் உண்டு. நாளைக்கு எல்லாரும் ‘போனேன்’ என்பதை மறந்துவிட்டு, நிகழ்காலத்துக்குப் ‘போகிறேன்’, இறந்தகாலத்துக்குச் ‘சென்றேன்’ என்று மட்டும் பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும்? இங்கிலீஷில் நடந்தது அதுதான். ‘ஆம், இஸ், வாஸ், பீ’ என்று ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நிற்கிறவையும் இப்படி வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே வீட்டில் குடியேறியவைதான்.

அப்புத்தளையிலிருந்து, த்ரீவீல் ஓட்டும் ஒருவர்: வெள்ளைக்காரர்களை ‘லிப்டன் சீட்’ என்ற மலைக்காட்சி இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். பேசப் பயமில்லை. ‘டிட் யூ வென்ட் டு எல்ல?’ என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொன்னார், ஆனால் ‘நோ, ஐ டிடின்ட் கோ’ என்று ‘கோ’வை அழுத்திச் சொன்னார். என் பிழை எங்கே?

தம்பி, அவர் அழுத்திய இடத்தைக் கவனித்தீர்களே, அதுவே பாதி படிப்பு.

‘டிட்’ என்பதே ‘டூ’வின் இறந்தகாலம். காலம் என்ற சுமையை அது தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டது. பின்னால் வரும் வினை வெறுங்கையோடு நடக்க வேண்டும். ‘டிட் யூ கோ?’ ‘ஐ டிடின்ட் கோ.’

நமக்கு ஏன் இது தடுக்குகிறது என்றால், தமிழில் ‘போனாயா?’ என்று கேட்கிறோம். ‘போனாய்’ என்ற இறந்தகாலம் அப்படியே இருக்க, பின்னால் ஓர் ‘ஆ’ ஒட்டுகிறது. அந்தப் பழக்கத்தில் ‘வென்ட்’டை விட மனம் வருவதில்லை. ஆனால் மறுத்துப் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘போனேன் இல்லை’ என்று சொல்கிறோமா? ‘போகவில்லை’ என்கிறோம். ‘போக’வில் காலமே கிடையாது. அது மொட்டையான வினை. அப்படியே ‘டிடின்ட் கோ’. வந்தேன், வரவில்லை. கேம், டிடின்ட் கம். பார்த்தேன், பார்க்கவில்லை. சா, டிடின்ட் சீ. சந்தேகம் வரும்போதெல்லாம் ‘போகவில்லை’யை மனதில் சொல்லிப் பாருங்கள். கேள்விக்கும் அதே வடிவம்தான்.

‘வாஸ்’, ‘வேர்’ இரண்டுக்கும் மட்டும் ‘டிட்’ வேண்டாம். ‘வேர் யூ இன் கேண்டி?’ போதும்.

உங்கள் தொழிலுக்கு இறந்தகாலம் சோறு போடும். இந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் நடந்து முடிந்த கதைதானே. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார்: குரூ. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார்: கேம். தோட்டங்கள் வாங்கினார்: போட். ரயில் 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்தது: இதற்கும் கேம். மூன்று சொல்லில் நாலு கதை.

இன்னொரு வாக்கியமும் உங்களுக்குத் தேவைப்படும். ‘இந்த ரோட்டை யார் போட்டது?’ என்று அவர்கள் கேட்பார்கள். ‘ஹூ பில்ட் திஸ் ரோட்?’ இங்கே ‘டிட்’ இல்லை, கவனியுங்கள். ‘யார்’ என்பதே செய்தவரைக் கேட்கும்போது ‘டிட்’ வராது, இறந்தகால வடிவம் நேராக நிற்கும். பில்ட், கடைசியில் ‘டோக்’கில் வரும் டி, என்பது பில்ட், கடைசியில் ‘டைம்’மில் வரும் டீ, ஆகிறது. செண்ட், சென்ட் மாதிரியேதான். பதிலையும் அதே சொல்லில் சொல்லுங்கள். ‘மை பீப்பிள் பில்ட் இட்.’ தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவந்த நம் ஆட்கள் காட்டை வெட்டிப் போட்ட பாதைகள் இவை. கேட்கிறவர் வெள்ளைக்காரத் துரைமார் போட்டது என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லாமல் சொல்லுங்கள், தம்பி.

நானுஓயாவிலிருந்து ஒரு மாணவர்: ‘ரீட்’ என்பதன் இறந்தகாலம் ‘ரீட்’ தானா?

எழுத்து அதேதான், ஓசை வேறு. ‘ரெட்’ என்று, சிவப்பைச் சொல்கிற மாதிரி உச்சரிக்க வேண்டும். இதுவும் கீப் குடும்பத்து வழக்கம்தான், நெடில் குறிலாகிறது. ஃபீட், ஃபெட் என்பதில் எழுத்தையும் மாற்றினார்கள், இதில் மாற்றவில்லை. வாசிக்கும்போது வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’ மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாயைத் திறவுங்கள்.

பண்டாரவளையிலிருந்து இரண்டு தோழிகள்: ‘லேர்ன்ட்’ என்பதை டீயில் முடிப்பதா, ஈ.டி. போடுவதா? எங்களுக்குள் சண்டை.

இரண்டும் சரி, சண்டையை நிறுத்துங்கள். டீயில் முடிப்பது பிரித்தானிய வழக்கு, ஈ.டி. போடுவது அமெரிக்காவில் அதிகம், பிரித்தானியரும் எழுதுவார்கள். ‘பேர்ன்’, ‘ஸ்பெல்’ இரண்டுக்கும் இதேதான். ஒரு விடைத்தாளில் ஒரு வழக்கையே கடைசி வரைக்கும் எழுதுங்கள்.

இராகலையிலிருந்து ஒரு தகப்பன், மகனைக் கொண்டு எழுதுவித்த கடிதம்: எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூடத் தெரியாது. மகள் ஓ.எல். படிக்கிறாள். டியூஷனுக்கு அனுப்பக் கையில் காசு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

அண்ணே, உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் மகள் பக்கத்தில் உட்காருங்கள். ‘இன்றைக்கு என்ன நடந்தது, இங்கிலீஷில் சொல்லு’ என்று கேளுங்கள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை, சரி பிழை பார்க்க வேண்டியதும் இல்லை. அவள் நிறுத்தியதும் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அதை இங்கிலீஷிலேயே கேட்க விரும்பினால் ‘அண்ட் தென்?’ என்று சொல்லுங்கள். அதற்கு அவள் இன்னொரு வினையைத் தேடியாக வேண்டும். திரும்பவும் ‘அண்ட் தென்?’. தடுமாறினால் அந்த மூன்று வரிசைத் தாளைப் புரட்டட்டும், அதுதான் அந்தத் தாளின் வேலை. நடுவில் சிரிக்காமல், அவசரப்படுத்தாமல் இருங்கள். பத்து வாக்கியம் வந்ததும் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

முதல் நாள் மூன்று வாக்கியத்தோடு நின்றுவிடுவாள். பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து எத்தனை வருகிறது என்று மகனைக் கொண்டே எனக்கு எழுதுங்கள். மகளிடம் சொல்லி அவளே எழுதினால் இன்னும் சந்தோஷம்.